ஜான் கேஜின் எழுத்து: காதும் கடிகாரமும் கேட்கும் பக்கங்கள்

'எதுவுமின்மை பற்றிய சொற்பொழிவு' என்று இசையமைப்பாளர் ஜான் கேஜ் எழுதிய உரை ஒன்று உண்டு. அச்சில் அதை முதன்முறை பார்க்கிறவர் குழம்பிப்போவார். ஒவ்வொரு வரியும் நான்கு நிரல்களாகப் பிரிந்து கிடக்கும். ஒரு நிரலில் நாலைந்து சொற்கள் நெருக்கியடிக்கும். அடுத்ததில் ஒரே ஒரு சொல் நிற்கும். அதற்கடுத்தது காலியாக இருக்கும். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும்கூடச் சொல்லை விட்டு விலகித் தனியே எங்கோ நிற்கும். முன்குறிப்பில் கேஜ் வாசிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறார்: நிரல் நிரலாகக் கீழே இறங்கக் கூடாது, வரியை இடமிருந்து வலமாக, இடைவெளிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆனால் இயந்திரம் போல வேண்டாம். அன்றாடப் பேச்சில் இயல்பாக வரும் நெகிழ்வு இருக்கட்டும்.

இந்தக் குறிப்பு ஒரு கட்டுரையாசிரியர் தரும் குறிப்பு போலவே இல்லை. வாசிப்பவரைப் பாடகராகவோ வாத்தியக்காரராகவோ எண்ணிச் சொல்வது போல இருக்கிறது. கேஜின் எழுத்தைப் புரிந்துகொள்வதற்கான முதல் சாவி அதுதான். இசைக்கு எப்படிக் கட்டமைப்பு போட்டாரோ அப்படியே உரைநடைக்கும் போட்டார். ஒலிகள் இருந்த இடத்தில் சொற்கள் வந்தன, அவ்வளவுதான்.

கேஜ் 1912-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து 1992-இல் நியூயார்க்கில் இறந்த அமெரிக்க இசையமைப்பாளர். பியானோவின் கம்பிகளுக்கு இடையே திருகாணி, ரப்பர் துண்டு முதலியவற்றைச் செருகி, ஒற்றைப் பியானோவை ஒரு தாளவாத்தியக் குழுவாகவே மாற்றியவர். 1952-இல் உட்ஸ்டாக்கில் டேவிட் டியூடர் என்ற பியானோ கலைஞர் 4 நிமிடம் 33 விநாடி ஒரு சுரமும் வாசிக்காமல் அமர்ந்திருந்தாரே, அந்தப் படைப்பும் இவருடையதுதான். பெரும்பாலோர் அந்த ஒன்றை மட்டும் கேள்விப்பட்டு, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த மௌனத்துக்குப் பின்னால் இருந்த யோசனை என்ன என்பதைக் கேஜ் பல நூல்களில் எழுதிவைத்திருக்கிறார். அதுவும் யோசனையை வெறுமனே எடுத்துச் சொல்லாமல், அந்த யோசனையின்படியே எழுதிக்காட்டியிருக்கிறார். 1961-இல் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'சைலன்ஸ்' என்ற தொகுப்பு அவற்றில் முதலாவது. இருபதாம் நூற்றாண்டின் இசை பற்றிய நூல்களில் அது போல இசைத்துறைக்கு வெளியே ஓவியர்களும் கவிஞர்களும் நடனக்காரர்களும் கையில் வைத்திருந்த நூல்கள் மிகச் சிலவே.

சரி, சொற்பொழிவுக்குத் திரும்புவோம். 1950 வாக்கில் நியூயார்க்கின் எட்டாவது தெருவில் ஓவியர்கள் கூடிப் பேசும் மன்றம் ஒன்றில் கேஜ் அதை வாசித்தார். அதன் கணக்கு இது: ஒரு வரிக்கு நான்கு தாள அளவுகள். பன்னிரண்டு வரிகள் சேர்ந்தால் ஓர் அலகு. அதாவது ஓர் அலகுக்கு 48 அளவுகள். அப்படிப்பட்ட அலகுகள் மொத்தம் 48. இந்த 48 அலகுகளும் 7, 6, 14, 14, 7 என்று ஐந்து பெரும் பகுதிகளாகப் பிரிகின்றன. ஒவ்வோர் அலகின் உள்ளே இருக்கும் 48 அளவுகளும் அதே 7, 6, 14, 14, 7 என்றே பிரிகின்றன. முழுமையின் வடிவம் எதுவோ அதுவே ஒவ்வொரு சிறு துண்டின் வடிவமும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்கள் பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே அங்கே இருப்பது போல, கேஜின் உரையில் நேரம் முதலில் வந்துவிடுகிறது. என்ன சொல்வது என்பது பிறகுதான் வருகிறது. இதே கணக்குமுறையை அவர் அக்காலத்து இசைப் படைப்புகளிலும் கையாண்டார்.

நேரத்தின் கட்டம் நிலையாக இருப்பதால் உள்ளே எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஒன்றும் வைக்காமலும் விடலாம். இந்தச் சொற்பொழிவின் பெரும் பகுதி தன்னைப் பற்றியே பேசுகிறது. இப்போது எந்த அலகில் இருக்கிறோம், எந்தப் பெரும் பகுதியின் தொடக்கத்துக்குச் சற்றுப் பிறகு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போகிறது. அதில் வரும் ஒரு வாக்கியம் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது: "எனக்குச் சொல்ல எதுவுமில்லை, அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்கு வேண்டிய கவிதை அதுதான்." நான்காம் பகுதியில் கிட்டத்தட்ட ஒரே பத்தி திரும்பத் திரும்ப வருகிறது. நாம் எங்கும் போய்ச் சேரவில்லை, அது இன்பமாக இருக்கிறது என்கிறார். இருக்கும் இடத்தில் இருப்பதில் எரிச்சல் இல்லை, வேறெங்கோ இருக்க வேண்டும் என்று நினைப்பதில்தான் எரிச்சல் என்கிறார். யாருக்காவது தூக்கம் வந்தால் தூங்கலாம் என்கிறார். அலகு எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

அன்று அவையில் இருந்த தோழி ஒருவர் எழுந்து நின்று, "ஜான், உன்மேல் எனக்கு மிகுந்த அன்பு உண்டு, ஆனால் இனி ஒரு நிமிடம்கூட என்னால் தாங்க முடியாது" என்று கத்திவிட்டு வெளியேறினார் என்று கேஜே 'சைலன்ஸ்' முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். உரை முடிந்து கேள்வி நேரம் வந்தபோது, யார் என்ன கேட்டாலும் முன்கூட்டியே எழுதிவைத்த ஆறு பதில்களில் ஒன்றையே சொன்னாராம். அவையைக் கேலி செய்வதற்காக அல்ல. பேச்சு முடிந்ததும் 'இனி இயல்பாகப் பேசலாம்' என்று வடிவத்தைக் கைவிட அவருக்கு மனமில்லை.

அந்த நான்காம் பகுதியை மௌனமாகக் கண்ணால் வாசித்தால் அச்சுப் பிழையோ என்று தோன்றும். இரண்டு பக்கம் தாண்டிவிடுவோம். வாய்விட்டு, இடைவெளிகளுக்கு உரிய நேரம் கொடுத்து வாசித்தால், நான்காவது ஐந்தாவது சுற்றில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. சொற்களின் பொருள் பின்னுக்குப் போய், குரலும் அறையும் வெளிச் சத்தமும் முன்னே வருகின்றன. 4 நிமிடம் 33 விநாடியில் நடக்க வேண்டியதும் இதுவேதான்.

இங்கிருந்து அடுத்த கட்டம் தற்செயல். 1950-51 வாக்கில் கிறிஸ்டியன் உல்ஃப் என்ற பதின்வயது மாணவர் 'ஐ சிங்' என்ற பழஞ்சீன நூலின் ஆங்கிலப் பதிப்பைக் கேஜுக்குக் கொடுத்தார். உல்ஃபின் தந்தையின் பதிப்பகம் அப்போதுதான் அதை வெளியிட்டிருந்தது. மூன்று நாணயங்களை ஆறு முறை சுண்டினால் 64 உருவங்களில் ஒன்று கிடைக்கும். அதற்குரிய பகுதியைப் படித்து வழிகாட்டுதல் பெறுவது அந்நூலின் பழைய பயன்பாடு. கேஜ் அந்த 64 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார். எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு உரக்க என்ற கேள்விகளுக்கெல்லாம் நாணயம் பதில் சொல்லட்டும் என்று விட்டார். பிறகு எந்தச் சொல், எந்தப் பக்கம், எந்த எழுத்துரு என்ற கேள்விகளுக்கும் அதே வழி.

புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நாணயம் சுண்டி எழுதலாம் என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாமே, எழுத்தாளருக்கு என்ன வேலை? கேட்க வேண்டிய கேள்விதான். விடை என்னவென்றால், நாணயம் பதில்களை மட்டுமே தருகிறது. கேள்விகளை வகுப்பது, எந்த நூலிலிருந்து எடுப்பது என்று தீர்மானிப்பது, விதியை ஒருமுறை வகுத்தபின் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கடைசிவரை அதன்படி நடப்பது, எல்லாம் கேஜின் உழைப்பு. பிடிக்காத விடை வந்தால் மறுபடி சுண்டிக்கொள்வது அவரைப் பொறுத்தவரை ஒழுங்கீனம்.

தன் விருப்பு வெறுப்பை ஒதுக்கிவைக்கும் இந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் நம் பக்கத்துப் பெயர்கள் இரண்டு கிடைக்கின்றன. 1946-இல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் மேற்கத்திய இசையைக் கற்க நியூயார்க் வந்தார். கேஜ் அவருக்குத் தம் ஆசிரியரான இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் இசைமுறையையும் எதிரிசைக் கலையையும் (கவுண்டர்பாயிண்ட்) கற்பித்தார். அவர் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தார். இசையின் நோக்கம் என்ன என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அடக்கி அமைதிப்படுத்தித் தெய்விகமானவற்றை ஏற்கத் தக்கதாக்குவது என்று தம் குரு சொன்னதைக் கீதா எடுத்துச் சொன்னார். ராமகிருஷ்ண பரமஹம்சரின் உபதேச மொழிகள் அடங்கிய நூலையும் கொடுத்தார். உலகில் ஏன் தீமை இருக்கிறது என்ற கேள்விக்குப் பரமஹம்சர் சொன்னதாக ஒரு பதிலைக் கேஜ் பிற்பாடு விரும்பி எடுத்துச் சொல்வார்: கதையின் முடிச்சு இறுகுவதற்காக.

இன்னொருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்து, பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கலை அறிஞர். கலையின் வேலை இயற்கையின் தோற்றத்தை நகலெடுப்பதன்று, இயற்கை இயங்கும் முறையைப் பின்பற்றுவது என்ற கருத்தைக் கேஜ் இவரிடமிருந்து எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். இயற்கை விருப்பு வெறுப்புப் பார்த்து இயங்குவதில்லை. ஆகவே என் விருப்பு வெறுப்பும் படைப்பில் குறுக்கிடக் கூடாது என்பது கேஜ் அதற்குக் கொடுத்த பொருள். குமாரசுவாமி இதை ஒப்புக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் மரபையும் பயிற்சியையும் கலையின் உயிராகக் கருதியவர். நாணயம் சுண்டுவதை ஏற்றிருக்க மாட்டார். ஆனாலும் ஒரு சிந்தனை தன் ஆசிரியர் எதிர்பார்க்காத இடத்தில் போய் முளைப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது 'இண்டிடெர்மினசி' என்ற கதைத் தொகுப்பை. 1958-இல் பிரசல்ஸில் 30 கதைகளாகத் தொடங்கி, மறு ஆண்டே 90 கதைகளாக வளர்ந்தது. எல்லாம் சின்னஞ்சிறு நிகழ்ச்சிகள். கேஜிடம் இசைவுக் கலைக்கான (ஹார்மனி) உணர்வே இல்லை, அது ஒரு சுவராக வழியை மறிக்கும் என்று ஆசிரியர் ஷோன்பெர்க் எச்சரித்தபோது, அப்படியானால் அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொள்வதிலேயே வாழ்நாளைக் கழிப்பேன் என்று பதில் சொன்ன கதை. ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத அறைக்குள் போய் முழு அமைதியை எதிர்பார்த்தவருக்கு இரண்டு ஒலிகள் கேட்ட கதை. உயர்ந்தது உங்கள் நரம்பு மண்டலம், தாழ்ந்தது உங்கள் இரத்த ஓட்டம் என்று அங்கிருந்த பொறியாளர் சொன்னாராம். உண்ணத்தக்க செடி என்று நினைத்து நச்சுச் செடியைச் சமைத்து உண்டு மருத்துவமனைக்குப் போன கதை. காளான்கள் பற்றிப் பல கதைகள். கேஜ் காளான்களைச் சும்மா ரசித்தவர் அல்லர். 1959-இல் இத்தாலியத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் காளான் பற்றிய கேள்விகளுக்கு விடையளித்தே 50 லட்சம் லிரா வென்றவர்.

விதி எளிமையானது. கதை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். நீண்ட கதையை மூச்சுவிடாமல் விரைந்து சொல்ல வேண்டும். இரண்டே வாக்கியம் கொண்ட கதையில் சொல்லுக்குச் சொல் நீண்ட இடைவெளி விட வேண்டும். 1959-இல் வெளிவந்த இசைத்தட்டில் கேஜ் ஓர் அறையில் இருந்து இப்படி வாசிக்க, டேவிட் டியூடர் வேறோர் அறையில் இருந்து இசைத்தார். ஒருவர் செய்வது மற்றவருக்குக் கேட்காது. பல இடங்களில் பியானோ கதையை விழுங்கிவிடும். கதைகளுக்குள் வரிசைத் தொடர்பும் கிடையாது. எல்லாப் பொருள்களுக்கும் இடையே தொடர்பு இருக்கிறது, ஒரு மனிதர் தம் மனத்தில் தோன்றிய தொடர்பை அதன்மேல் திணிக்காதபோது அந்தச் சிக்கலான தொடர்பு இன்னும் நன்றாகத் தெரியும் என்பது கேஜின் வாதம்.

இதை வீட்டிலேயே செய்துபார்க்கலாம். உங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மூன்று வரியில் எழுதுங்கள். இன்னொன்றை ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டையும் தலா ஒரு நிமிடத்தில் வாய்விட்டு வாசியுங்கள். மெதுவாகச் சொன்ன அற்ப நிகழ்ச்சிக்கு எங்கிருந்தோ ஒரு கனம் வந்துசேரும். வேகமாகச் சொன்ன பெரிய துயரம் சலசலப்பாகிவிடும். வேகம் பொருளை எப்படி மாற்றுகிறது என்பதைக் காதே சொல்லிக்கொடுக்கும்.

கேஜின் பிற்காலக் கவிதை வடிவம் மெசாஸ்டிக். ஒரு பெயரின் எழுத்துகள் வரிகளின் நடுவே ஒன்றன்கீழ் ஒன்றாக முதுகெலும்பு போல நிற்கும். மற்றச் சொற்கள் இருபுறமும் விரியும். ஒவ்வொரு வரியின் முதலெழுத்தைச் சேர்த்தால் பெயர் வருவது பழைய விளையாட்டு. இங்கே பெயர் நடுவில் இருக்கிறது. தமிழில் 'காளான்' என்ற சொல்லை வைத்து நான் ஒன்று கட்டிக்காட்டுகிறேன். அடைப்புக்குள் இருப்பவை முதுகெலும்பு எழுத்துகள்:

மழைக் [கா]லம்
இலைக[ளா]ய்ச் சரிந்த
நேற்றி[ன்] ஈரம்

இதில் இன்னொரு கட்டுப்பாடும் மறைந்திருக்கிறது. ஒரு முதுகெலும்பு எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அவ்விரண்டு எழுத்துகளுமே வேறெங்கும் வரக் கூடாது. 'கா'வுக்கும் 'ளா'வுக்கும் நடுவே இன்னொரு 'கா'வோ 'ளா'வோ இல்லை; 'ளா'வுக்கும் 'ன்'னுக்கும் நடுவிலும் அப்படியே. இது கடுமையான வகை. அடுத்து வரவேண்டிய எழுத்து மட்டும் இடையில் வராமல் பார்த்துக்கொள்வது சற்றுத் தளர்ந்த வகை. எழுதிப்பார்த்தால் தெரியும்: கட்டுப்பாடு நம்மைப் பழகிய சொற்களிலிருந்து பிடுங்கி எடுக்கிறது. 'இலைகளாய்ச் சரிந்த' என்ற தொடர் எனக்குத் தானாகத் தோன்றியிருக்காது. 'ளா' என்ற எழுத்துதான் கொண்டுவந்து கொடுத்தது.

கேஜ் முதலில் இப்படிச் சொந்தச் சொற்களிலேயே நண்பர்களின் பெயர்களுக்கு மெசாஸ்டிக் எழுதினார். பிறகு பிறர் நூல்களுக்குள் புகுந்து எழுதத் தொடங்கினார். அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 628 பக்க நாவலான 'ஃபின்னகன்ஸ் வேக்'கை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, ஆசிரியரின் பெயரெழுத்துகளை உரிய வரிசையில் தாங்கிய சொற்களைப் பொறுக்கிக்கொண்டே போனார். முதல்முறை 115 பக்கம் வந்தது. நீளம் மிகுதி என்று பதிப்பாளர் தரப்பில் கருதியதும், அதே அசையை அதே எழுத்துக்கு மறுபடி பயன்படுத்துவதில்லை என்று விதியை இன்னும் இறுக்கினார். 41 பக்கமாகச் சுருங்கியது. இந்த இரண்டாவது வடிவத்தை அவரே ஓத, நாவலில் குறிப்பிடப்படும் இடங்களில் பதிவு செய்த ஒலிகளும் அயர்லாந்து நாட்டார் இசையும் சேர்ந்து 1979-இல் 'ரோரடோரியோ' என்ற வானொலிப் படைப்பானது. ஒரு நாவல் கவிதையாகி, கவிதை இசையான இந்தப் பாதையை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

இன்னும் தீவிரமானது 'எம்ப்டி வேர்ட்ஸ்'. இதற்கு மூலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் நாட்குறிப்புகள். அவற்றிலிருந்து தொடர்களையும் சொற்களையும் அசைகளையும் எழுத்துகளையும் 'ஐ சிங்' வழியே தேர்ந்து நான்கு பகுதிகளாக அமைத்தார். முதல் பகுதியில் வாக்கியங்கள் கிடையாது. இரண்டாவதில் தொடர்களும் கிடையாது. மூன்றாவதில் சொற்களும் போய்விடும். நான்காவதில் அசைகளும் போய், ஒற்றை எழுத்தொலிகளும் நீண்ட மௌனங்களும் மட்டுமே மிஞ்சும். மொழி கண்ணெதிரே கரைந்து இசையாகிறது. 1977 டிசம்பரில் மிலான் நகரின் லிரிகோ அரங்கில் மூன்றாம் பகுதியை வாசித்தபோது அவை கொந்தளித்தது. கூச்சலிட்டார்கள், சிலர் மேடையேறினார்கள். மேசை விளக்கின் கீழ் அமர்ந்திருந்த 65 வயது மனிதர் குரலை உயர்த்தாமல் வாசித்து முடித்தார். ஒலிப்பதிவு இருக்கிறது. அதைக் கேட்பவருக்கு இரண்டு படைப்புகள் கிடைக்கின்றன. ஒன்று கேஜினுடையது, மற்றது அவையினுடையது.

எல்லாமே எனக்கு ஒரே அளவு பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். 'உலகை மேம்படுத்துவது எப்படி' என்ற நாட்குறிப்பை 1965-இல் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ நூறு சொல். ஒவ்வொரு குறிப்பும் எத்தனை சொல் என்பதைத் தற்செயல் தீர்மானிக்கும். பன்னிரண்டு எழுத்துருக்களில் எதில் அச்சாவது என்பதையும் அதுவே தீர்மானிக்கும். வடிவம் அழகு. ஆனால் 1973-இல் வந்த 'எம்' தொகுப்பில் மாவோவின் சீனத்தை அவர் புகழும் இடங்களை இன்று முகம் சுளிக்காமல் படிக்க முடியாது. தன் விருப்பத்தை ஒதுக்கிவைக்க அத்தனை பாடுபட்டவர் அரசியலில் தன் விருப்பத்தையே உண்மை என்று நம்பிவிட்டார் என்பது என் கணிப்பு.

வாசிக்கும் வரிசை பற்றி ஒரு வார்த்தை. முதலில் 'இண்டிடெர்மினசி' ஒலிப்பதிவு. பிறகு 'சைலன்ஸ்' முன்னுரையும் எதுவுமின்மைச் சொற்பொழிவும். அதற்குப் பிறகு மெசாஸ்டிக்குகள். 'எம்ப்டி வேர்ட்ஸ்' நூலைப் புத்தகமாக வாசிக்க வேண்டாம், கேளுங்கள். 1988-89-இல் ஹார்வர்டில் நிகழ்த்திய ஆறு நார்ட்டன் சொற்பொழிவுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோரோ, எமர்சன், விட்கென்ஸ்டைன் ஆகியோரின் எழுத்துகளையும் நாளிதழ்ச் செய்திகளையும் கணினிக்குள் செலுத்தி, அவற்றினூடே மெசாஸ்டிக் கட்டிய உரைகள் அவை, வாக்கியமாகப் பிடிபடாது. 1990-இல் நூலானபோது, மாணவர்களுடன் நடந்த கேள்வி பதில்கள் பக்கங்களின் அடியில் ஒரு நீண்ட ஓடையாக அச்சாயின. அங்கே கேஜ் நிறுத்தி நிதானமாக, நாம் பேசுவது போலவே பேசுகிறார். மேலே உள்ளது ஓடவில்லை என்றால் நூல் முழுவதற்கும் அடிப்பகுதியை மட்டும் முதலில் வாசித்துவிட்டு, பின்னர் மேலே வரலாம்.